தண்ணி வந்ததே இல்லாத வீடு

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் வீடு பார்க்கப் போயிருந்தோம். கூட்டிப்போன ஏஜென்ட் அம்மா பூட்டைத் திறந்துகொண்டே பெருமையாகச் சொன்னார்: "இந்த வீட்டுக்குள்ள தண்ணி வந்ததே இல்லை." எனக்குத் திக்கென்றது. குன்னூர்க்காரியிடம் சொல்கிற பேச்சா இது? எங்கள் ஊரில் வீடு காட்டுகிறவர் கூடத்தைக் காட்டுமுன் குழாயைத் திறந்து காட்டுவார். ரேலியா அணையில் தண்ணீர் இறங்கிவிட்டால் தெருவே குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும். "தண்ணி ஒழுங்கா வருதுங்களா?" என்று கேட்காமல் வாடகைக்குக்கூட யாரும் முன்பணம் கொடுக்கமாட்டார்கள்.

அந்த அம்மா சொன்னது வேறு தண்ணீர் என்று என் வீட்டுக்காரர்தான் காதோரம் சொன்னார். 2017 ஆகஸ்ட் கடைசியில் வந்த ஹார்வி புயலின் வெள்ளம். டெக்சாஸில் வீடு விற்பவர், முன்பு வெள்ளம் புகுந்ததா என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். புகாத வீட்டுக்கு அதுவே விளம்பரம்.

(ஊர்ப் பெயரைப் பற்றி ஒன்று. குன்னூருக்குப் பக்கத்திலேயே கேத்தி என்று ஓர் ஊர் உண்டு. அப்பா இன்றுவரை அக்கம்பக்கத்தில் "பெரியவ கேத்தியில இருக்கா" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்பவர்கள், "மூணு ஸ்டேஷன் தள்ளித்தானே, ஞாயித்துக்கிழமையாச்சும் வந்து எட்டிப் பாக்கக்கூடாதா?" என்று என்னைத் திட்டுகிறார்கள்.)

வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தேன். பின்பக்கம் மேடு இல்லை, முன்பக்கம் பள்ளம் இல்லை. மலையில் வளர்ந்த கண்ணுக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. எங்களுக்கு ஆபத்து என்றால் அது வீட்டின் முதுகுப் பக்கம்தான் நிற்கும்.

2009 நவம்பர் 10-ஆம் தேதிக் கணக்கில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை. அந்த நாட்களில் நீலகிரி மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்பா அந்த ராத்திரி படுக்கவே இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச்சுவருக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். உள்ளே ஊறும் தண்ணீர் வடிவதற்காகச் சுவரில் வரிசையாகக் குழாய்த் துண்டுகள் பதித்திருக்கும். அதன் வாயில் உள்ளங்கையை ஏந்தி, டார்ச் அடித்துப் பார்ப்பார். தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் கிளம்பிவிட்டது. வந்துகொண்டிருந்தது திடீரென்று நின்றுபோனால் அதைவிட மோசம். குழாய் அடைத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் தண்ணீர் சேர்கிறது. ஒரு குழாயில் செம்மண் நிறத்தில் வர ஆரம்பித்ததும், எங்களை எல்லாம் உசுப்பிக் கம்பளியோடு பக்கத்து ஊரான வெலிங்டனில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சுவர் நின்றது. கோழிக்கூண்டு போனது.

அவ்வளவு மழையிலும் எங்கள் வீட்டுக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் தேங்கவில்லை. மலையில் தண்ணீர் நிற்காது. ஓடையில் விழுந்து, பவானியில் சேர்ந்து, மேட்டுப்பாளையத்துக்காரர்கள் கவலையாகிவிடும்.

கேட்டியில் அந்தத் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. தரை தட்டை, மண் களிமண். ஹார்வி ஒரே இடத்தில் நின்று நாள்கணக்கில் கொட்டியது. டெக்சாஸிலேயே நீடர்லாண்ட் என்றொரு ஊரில் மொத்த மழை 60 அங்குலத்தைத் தாண்டியது. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் மட்டும் ஏறக்குறைய 1,54,000 வீடுகளுக்குள் வெள்ளம். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அபாயப் பகுதி என்று வரைபடத்தில் குறித்த கோட்டுக்கு வெளியே இருந்த வீடுகள். எங்கள் பக்கத்தில் பார்க்கர் என்று ஒரு வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கம் இருக்கிறது, 1940-களில் கட்டியது. வழக்கமாகக் காய்ந்தே கிடப்பதால், அது நிரம்பினால் தண்ணீர் ஏறக்கூடிய இடத்திலேயே குடியிருப்புகள் கட்டிவிட்டார்கள். அவலாஞ்சி அணைக்கு உள்பக்கம் பிளாட் போட்டு விற்ற மாதிரி. ஹார்வியில் அந்த வீடுகள் வரை தண்ணீர் ஏறியது.

வரைபடம் ஃபீமா என்ற மத்திய அரசு அமைப்பு போடுவது. 'நூறு வருட வெள்ளம்' என்று அதில் சொன்னால், நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்றில்லை; ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. 30 வருடக் கடன் முடிவதற்குள் எப்போதாவது ஒருமுறை வந்துவிடும் வாய்ப்பைக் கூட்டிப் பார்த்தால் 26 சதவீதம். அந்தப் பகுதிக்குள் இருந்தால் வெள்ளக் காப்பீடு இல்லாமல் பேங்கில் கடன் கிடைப்பது கஷ்டம். எங்கள் வீடு கோட்டுக்கு வெளியே. பேங்க் கேட்கவில்லை. வீட்டுக்காரர் கும்பகோணம் பக்கம். ஆற்றில் தண்ணீர் வந்தால் தேங்காய் உடைக்கிற வம்சம். "கேக்காததுக்கு எதுக்குக் காசு?" என்றார்.

நான் எடுத்தேன். எடுத்த பிறகுதான் என் வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது.

வீட்டுக் காப்பீடு என்று ஒன்று ஏற்கெனவே கட்டுகிறோம். புயல் கூரையைப் பிய்த்து மழை உள்ளே இறங்கினால் அது கொடுக்கும். சமையலறைக் குழாய் வெடித்தால் கொடுக்கும். அதே மழை தெருவில் நிரம்பி வாசற்படி ஏறி வந்தால் சல்லிக்காசு கிடையாது. அதற்கு இன்னொரு பாலிசி, 1968-இல் அரசே தொடங்கிய திட்டம்: கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரை, சாமான்களுக்கு 1,00,000 வரை, இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடப்புக்கு வரும். டிவியில் புயலைப் பார்த்துவிட்டு ஓடினால் பிரயோசனமில்லை. வீடு காயும்வரை வெளியில் தங்கும் வாடகையைத் தராது. போனில் அம்மாவுக்கு இதை விளக்கினேன். "எந்த வழியா வந்தா என்னடி, பாய் நனைஞ்சது நனைஞ்சதுதானே?" என்றாள். அமெரிக்கக் காப்பீட்டைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனத்தை நான் கேட்டதில்லை.

என்னைக் குத்தியது அதற்கும் அடுத்த பக்கம். சேறு ஆறாக ஓடி வந்தால் அந்தப் பாலிசி கொடுக்குமாம். நிலமே சரிந்தால், வெள்ளத்தால் சரிந்திருந்தாலும் கொடுக்காதாம். தட்டைத் தரையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஏன் அந்த வரியில் கண் நிற்க வேண்டும்? பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். பெருமழை என்றால் கேட்டிக்காரர்கள் தெருவைப் பார்க்கிறார்கள். நான் டார்ச்சோடு பின்வாசலுக்குப் போகிறேன். அங்கே ஒரு மரவேலி; வேலிக்குப் பின்னால் என்னைப் பார்த்துக் குரைக்கும் பக்கத்து வீட்டு நாய்.

போன நவம்பரில் ஊருக்குப் போனேன். மண் விழுந்து மலை ரயில் ரத்து. பஸ்ஸில் பர்லியார் ஏறும்போதே காது அடைத்து, மனசு திறந்துவிட்டது. வீட்டில் அப்பாவுக்கு இன்சூரன்ஸ் பாடம் எடுத்தேன். நம் நாட்டில் 2021 ஏப்ரலிலிருந்து 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று ஒரே மாதிரி வீட்டுப் பாலிசி வந்திருக்கிறது. வெள்ளம், புயல், நிலச்சரிவு, பாறைச் சரிவு எல்லாம் ஒரே தாளில். கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, சாமான்களுக்குத் தானாகவே உண்டு. மாற்று வீட்டு வாடகைகூட உண்டு. எனக்குப் பொறாமையாக இருந்தது.

அப்பா அசரவில்லை. "எதுக்கெல்லாம் தராதுன்னு படி கண்ணு" என்றார். படித்தேன். புதுக் கட்டடத்தின் சாதாரண விரிசல், குறையுள்ள கட்டுமானம், மண்வெட்டும் வேலையால் வந்த சேதம், அப்புறம், நிரப்பிய மண் இறங்குவது.

"நிரப்பின மண்ணா?" எழுந்து முன்வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். மலையில் பாதி வீடுகள் அப்படித்தான்: பின்பக்க மேட்டை வெட்டி, அந்த மண்ணை முன்பக்கப் பள்ளத்தில் கொட்டிச் சமன் செய்து கட்டுவது.

மறுநாள் பாலிசி எடுத்துக் கொடுக்க வந்த தம்பியை அதே இடத்தில் நிறுத்தினார். "சமையல்கட்டு வெட்டின மண்ணு மேல, திண்ணை நிரப்பின மண்ணு மேல. திண்ணை எறங்கி, அது இழுத்துச் சமையல்கட்டும் போச்சுன்னா, எதுக்குத் தருவீங்க தம்பி?" அந்தத் தம்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூர் ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்று டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். பிரீமியம் கட்டியாகிவிட்டது, பதில் வரவில்லை. அப்பா வாரம் தவறாமல் அவருக்குப் போன் போடுகிறார். இடையில் சுவர்க் குழாய்களில் அடைப்பெடுக்க ஓர் ஆளையும் பிடித்துவிட்டார்; அவரும் இன்னும் வரவில்லையாம்.