ஓசூருக்கு ரெண்டு தடவை: பாய்மரக் கப்பல் மாடல் செய்யப்போறவங்களுக்கு

டீசலே இல்லாமல் போன உலகில், வேதாரண்யத்து உப்பை வடக்கே கொண்டுபோய், நம்மூர்ப் புளியோடு திரும்பும் மூன்று பாய்மரம் கொண்ட ஒரு சரக்குக் கப்பல். கற்பனை அவ்வளவுதான். அளவுக்கு நம் கடற்படையின் பாய்மரப் பயிற்சிக் கப்பலான தரங்கிணியை வைத்துக்கொண்டேன்: 54 மீட்டர், 1:100 மாடலில் 54 செ.மீ.

ஏரா (கப்பலின் அடி முதுகெலும்பு), வங்கு (அதில் இறங்கும் விலா எலும்பு) வரைவதில் சிக்கலே இல்லை. அடி விழுந்தது ஓசூரில், லேசரில் பலகை வெட்டிக் கொடுக்கும் கடையில். 3 மி.மீ. பிளைவுட்டுக்குக் காடி (ஒன்றில் ஒன்று செருகும் வெட்டு) வரைந்து கொடுத்தால், கடையில் இருந்த பலகை 3.4. ஒரு வங்குகூட ஏராவில் இறங்கவில்லை. "ஃபைல் நீங்க குடுத்ததுதானே சார்?" பேச்சு முடிந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து போகவர 100 கிலோமீட்டர் தண்டம். பலகையை முதலில் வாங்கி, வெர்னியரில் நாலு மூலையும் அளந்த பிறகே காடியை வரையுங்கள். லேசர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். அதனால் ஒரே ஒரு காடியை வெட்டிப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

பலகைப் பட்டைகளை இடம், வலம் என மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரு பக்கத்தையே முடித்தால் ஏரா முறுக்கிக்கொள்ளும்.

அடுத்த தலைவலி கயிறு. பருத்தி நூல் ஈரத்தில் சுருங்கும். பாய்மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கும் முன்கயிற்றை விறைப்பாகக் கட்டியிருந்தேன்; அது ஐப்பசி மழையில் இன்னும் இழுத்து, முன் பாய்மரத்தை அணியம் (கப்பலின் முன்முனை) பக்கம் வளைத்துவிட்டது. தையல் கடை பாலியஸ்டர் நூலில் தேன்மெழுகு தடவினால் போதும். முடிச்சுக்குத் தண்ணீர் கலந்த ஃபெவிகால். சூப்பர் க்ளூ வெள்ளையாகப் பூக்கும். முதலில் பக்கக் கயிறுகள், ஜோடி ஜோடியாக, பிறகு முன்கயிறு, பருமல் (பாய் தொங்கும் குறுக்குக் கட்டை) கடைசியில். பருமலை முந்திக் கட்டினால் விரல் உள்ளே போகாது.

பெரிய தப்பு இதெல்லாம் இல்லை. மூன்று மரத்திலும் பருமல் போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது: வடகிழக்குப் பருவத்தில் வேதாரண்யத்திலிருந்து சென்னைக்கு எதிர்காற்று. பருமலில் பாய் தொங்கும் குறுக்குப் பாய்க்கப்பல் காற்று வரும் திசைக்கு 60 பாகைக்குள் நெருங்கவே திணறும்; ஆளும் நிறைய வேண்டும். கரையோர வியாபாரத்துக்கு, கப்பலின் நீளத்தோடு கட்டும் நீளவாக்குப் பாய்தான் சரி. முன்மரத்தில் மட்டும் பருமலை விட்டு, மற்ற எட்டையும் கழற்றினேன். அதில் இரண்டு உப்பு மூட்டை தூக்கும் தூக்குமரமாகக் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டன.