மூன்று வியாழக்கிழமைகள்

மார்ச் 2, 2023, வியாழன்

சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு முதல் ஊசி முடிந்தது. இடுப்பின் இரு பக்கமும் பென்சிலின் போட்டதால், சுங்கை சிப்புட் வரும்வரை பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசிகள். கர்ப்பிணி என்பதால் நடுவில் 9 நாளுக்கு மேல் விட்டுவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் கிளினிக் தாதி மிஸ்ஸி. வீட்டுக்காரரையும் சோதனைக்கு அழைத்துக் கொடுத்த கடிதத்தை அரிசி டின்னின் அடியில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 3

அந்தக் கடிதத்தை எப்படிக் கொடுப்பது என்ற ஒரே நினைவில் சோற்றைக் குழைய விட்டுவிட்டேன். அவரும் சோதித்து ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால், குணமான என் உடம்புக்கே சிபிலிஸ் திரும்ப வரலாம். கொடுத்தால் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி, எவனிடமிருந்து வாங்கி வந்தாய் என்பதுதான். இந்த நோயின் புண் வலிப்பதில்லை, தானாகவே ஆறிவிடுகிறது, பிறகு ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் இரத்தத்தில் கிடக்கிறது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை எந்தப் பரிசோதனையும் சொல்வதில்லை. எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லித்தான் சென்ற ஆண்டு கை முறிந்தது.

மார்ச் 5

மழை. அவருடைய லாரி வந்துவிட்டது.

மார்ச் 6

சிகிச்சை முடியும்வரை கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாக மட்டும் சொன்னேன். எதற்குச் சிகிச்சை என்று அவர் கேட்கக்கூட இல்லை. இடது காதில் அறைந்தார். பிறகு நடந்ததை எழுத விரும்பவில்லை. ஆணுறை என்ற சொல்லை எடுத்தாலே சந்தேகப்படுகிறாயா என்று கத்துபவரிடம், தடுத்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது என்று எவராவது சொன்னால் அவர்களை ஓர் இரவு இந்த லயத்து வீட்டில் தங்கிப் பார்க்கச் சொல்வேன்.

மார்ச் 7

காதில் இரைச்சல் நிற்கவில்லை. குழந்தை அசைந்தது.

மார்ச் 9, வியாழன்

இரண்டாவது ஊசி. டாக்டரம்மா காதைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார், சொல்லிவிட்டேன். பெரிய அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் அடிபட்ட பெண்களுக்கென்றே ஒரு சேவை இருப்பதையும், 15999 என்ற உதவித் தொலைபேசி எண்ணையும், நீதிமன்றம் போகாமலே சமூகநல அதிகாரி 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்க முடியும் என்பதையும் நிதானமாகச் சொன்னார். மனைவியை அடித்தோ அச்சுறுத்தியோ உறவுகொள்ளும் கணவனுக்கு 5 ஆண்டு வரை சிறை என்று தண்டனைச் சட்டத்தின் 375ஏ பிரிவு சொல்கிறதாம். நான் வீட்டை விட்டு வெளியேறும்வரை அவரைச் சோதனைக்கு அழைக்க வேண்டாம் என்று கெஞ்சினேன், ஒப்புக்கொண்டார். எச்ஐவி இல்லை என்று வந்திருக்கிறது. ஆனால் அண்மையில் தொற்றியிருந்தால் இவ்வளவு சீக்கிரம் தெரியாது என்பதால் மீண்டும் எடுப்பார்கள்.

மார்ச் 11

தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவியும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடென்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் மலேசியாவுக்குச் சான்று கொடுத்ததாக மிஸ்ஸி பெருமையோடு சொன்னது நினைவிலேயே நிற்கிறது. என் பிள்ளையும் அந்தப் பெருமைக்குள் பிறக்க வேண்டும். இன்னும் ஓர் ஊசிதான்.

மார்ச் 13

எதிர் லயத்து அக்கா, அனுசரித்துப் போம்மா என்று வழக்கம்போலத் தொடங்கியவர், என் காதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மாலையில் வந்து 50 வெள்ளியை என் கையில் திணித்தார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் ஆறாம் மாதத்திலேயே இறந்து பிறந்தார்கள். எவராவது அப்போது அவருடைய இரத்தத்தைச் சோதித்தார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் இளஞ்சிவப்புக் கர்ப்பப் பதிவுப் புத்தகத்தை அவரிடமே கொடுத்து வைத்தேன்.

மார்ச் 14

வீட்டுக்காரர் என் அடையாள அட்டையை எடுத்து வைத்துக்கொண்டார். காரணம் சொல்லவில்லை.

மார்ச் 15

அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எப்படியாவது வந்துவிடுங்கள் என்று மிஸ்ஸி தொலைபேசியில் சொன்னார். இரவுச் சமையலுக்கு அரிசி அளக்கும்போது டின்னின் அடிவரை கைவிட்டுத் துழாவினேன். கடிதம் இல்லை. அவர் வாசலில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருக்கிறார், ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மார்ச் 16, வியாழன், காலை 5.40

அவர் தூங்குகிறார். அக்கா பின்வாசலில் புத்தகத்துடன் நிற்கிறார். முதல் பேருந்து ஆறு மணிக்கு.