கட்டடத்துக்கு முன்பே வெளியை வரைந்தோம்

தென் மாவட்டம் ஒன்றில் உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பிக்கிறேன். எங்கள் வளாகத்தின் கட்டடக் குழுவில் உறுப்பினராக இருந்து, இருபது ஆண்டுகளுக்கான வளாகத் திட்டம் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டில் தீர்மானமாகும்வரை கூடவே நின்றிருக்கிறேன். வேறு கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இதே பொறுப்பு வந்து சேர்ந்தவர்கள், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். எங்களுக்கு நடந்ததை எழுதிவைத்தால் உதவும் என்று தோன்றியது.

ஒரே நிதியாண்டில் மூன்று கட்டடங்களுக்கு ஒப்புதல் வந்ததுதான் தொடக்கம். ஆய்வகத் தொகுதி ஒன்று, மாணவியர் விடுதி ஒன்று, தேர்வுப் பிரிவுக்கென்று ஒன்று. மூன்றையும் கேட்டவர்கள் மனத்தில் வைத்திருந்த இடம் ஒன்றேதான்: நூலகத்துக்கும் பழைய விடுதிகளுக்கும் நடுவே இருக்கும் மைதானம். சமதளம், சாலை ஓரம், மின்கம்பி பக்கத்திலேயே போகிறது, வெட்ட வேண்டிய மரங்கள் குறைவு. மார்ச் மாதத்துக்குள் பணத்தைச் செலவழிக்கத் தொடங்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்ற அவசரம் வேறு. எங்கள் வளாகத்தின் பெரும்பாலான கட்டடங்களுக்கு இப்படித்தான் இடம் அமைந்திருக்கிறது. பணம் வரும், யாராவது ஒருவர் கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டுவார், அடுத்த வாரம் கற்பலகை வைக்கப்படும். விளைவாக, ஒற்றைத் தளக் கட்டடங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சாலை, தனி ஆழ்துளைக் கிணறு, தனி வேலி. நிலம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். உண்மையில் நிலம் நிறையவே இருந்தது. அதைச் செலவழித்த விதம்தான் சரியில்லை.

குழுவில் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். கட்டடங்களை வைக்கும் முன், கட்டக் கூடாத இடங்களை முதலில் வரைபடத்தில் குறித்துவிடுவோம். மிச்சமுள்ள இடத்தில் பங்கு பிரித்துக்கொள்ளலாம். பதிவாளர் இதற்கு உடனே ஒப்புக்கொண்டார். மூன்று துறைத் தலைவர்களின் சண்டையிலிருந்து அவருக்கும் ஒரு விடுதலை தேவைப்பட்டது.

முதல் வேலை தாலுகா அலுவலகத்தில். பல்கலைக்கழகத்திடம் இருந்த வளாக வரைபடத்தில் கட்டடங்களும் சாலைகளும் மட்டும்தான் இருந்தன. நிலம் எப்படிப்பட்டது என்று அது சொல்லவில்லை. அதனால் வளாகத்துக்குள் அடங்கும் அத்தனை சர்வே எண்களுக்கும் புல வரைபட நகலும், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டு நகலும் வாங்கினோம். அவற்றை ஒட்டிப் பார்த்தபோது வளாகத்தின் குறுக்கே மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஓடைப் புறம்போக்கு ஓடுவது தெரிந்தது. எங்கள் வரைபடத்தில் அதன் சுவடே இல்லை. கிழக்கு மதிற்சுவருக்கு வெளியே இருக்கும் ஏரிக்கு அதுதான் வரத்துக் கால்வாய். சுவர் எழுப்பியபோது அடியில் இரண்டு சிமெண்ட் குழாய்களைப் பதித்து, கடமை முடிந்தது என்று விட்டிருக்கிறார்கள். மூவரும் கேட்ட மைதானத்தின் தென்கோடி அந்த ஓடையின் மேலேயே இருந்தது.

இதைச் சாதாரணத் தகவலாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தில், அதாவது ஆயக்கட்டில், இன்றும் நெல் விளைகிறது. நீர்நிலை ஆக்கிரமிப்புக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2005-இல் கண்டிப்பான உத்தரவு பிறப்பித்ததும், 2007-இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியதும் குழுவில் பலருக்குப் புதிய செய்தி. ஓர் அரசுப் பல்கலைக்கழகமே ஓடையை அடைத்து விடுதி கட்டினால் ஊருக்கு என்ன முகத்தைக் காட்டுவது? அந்தக் கேள்விக்குப் பிறகு மைதானத்தின் தென்கோடியை யாரும் கேட்கவில்லை.

பிறகு நில அளவை. ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் அரை மீட்டர் உயர இடைவெளியில் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். எங்களுடையது போன்ற தட்டையான செம்மண் நிலத்தில் ஐந்து மீட்டர் இடைவெளிக் கோடுகளால் ஒரு பயனும் இல்லை. அளவைக்காரர்கள் வந்த நாட்களில் தோட்டப் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்த அண்ணன் ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டேன். "இந்த இடத்தில் ஐப்பசியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் அம்மா, கார்த்திகை கடைசியில்தான் வடியும்" என்று அவர் காட்டிய இடங்கள் எல்லாம் பின்னால் வந்த வரைபடத்தில் தாழ்வான வளையங்களாகவே இருந்தன. அப்படிப்பட்ட இரண்டு பள்ளங்களைத் திட்டத்தில் ஊருணிகளாகவே குறித்தோம். கணக்கு எளிது: ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் பத்தாயிரம் லிட்டர். ஐம்பது மில்லிமீட்டர் பெய்யும் ஒரு நாளில் ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் லிட்டர். மண் வெளியில் இதில் பெரும் பங்கு உள்ளே இறங்கிவிடும். கூரையிலும் தார்ச் சாலையிலும் ஏறக்குறைய எல்லாமே ஓடிவிடும். ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி இருக்கிறதே என்று ஒரு பொறியாளர் சொன்னார். 2003 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம், இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது அந்தக் கூரைக்கான ஏற்பாடு. ஒரு வளாகம் முழுவதிலிருந்தும் திரண்டு வரும் வெள்ளத்துக்குப் பள்ளமும் ஓடையும்தான் வழி.

மிகக் கடினமாக இருந்தது மண்ணிலும் நீரிலும் இல்லை, அறைகளில்தான். புதுக் கட்டடம் கேட்கும் முன் இருக்கும் கட்டடங்கள் எப்படிப் பயன்படுகின்றன என்று பார்க்க வேண்டும் என்றோம். உடனே பல முகங்கள் இறுகின. எங்கள் முதுகலை மாணவர்கள் வேலை நாட்களில் ஒவ்வொரு மணி நேரமும் எல்லா வகுப்பறைகளையும் எட்டிப் பார்த்துக் குறித்தார்கள். இரண்டு எண்கள் போதும். ஓர் அறை கிடைக்கும் நேரத்தில் எவ்வளவு நேரம் வகுப்பு நடக்கிறது. நடக்கும்போது எத்தனை இருக்கைகள் நிரம்புகின்றன. வாரத்துக்கு நாற்பது மணி நேரம் திறந்திருக்கும் அறையில் இருபது மணி நேரம் வகுப்பு நடந்து, அறுபது பேர் அமரும் இடத்தில் முப்பது பேர் அமர்ந்தால், பாதியில் பாதி: அந்த அறையின் கால் பங்குதான் பயன்படுகிறது. கட்டட மேலாண்மை படித்தவர்களுக்கு இது பழைய கணக்கு. எங்கள் குழுவில் இதை யாரும் போட்டுப் பார்த்ததில்லை.

காலை பத்து முதல் ஒரு மணி வரை அறைகள் நெரிந்தன. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் பெரும்பாலானவை பூட்டியிருந்தன. காரணம் பஸ். மாணவர்களில் பெரும்பகுதியினர் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். மாலையில் அவர்கள் ஊர்களுக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். அதனால் எல்லாத் துறைகளும் பாடங்களை முற்பகலில் அடுக்கியிருந்தன. இன்னொரு காரணம் சாவி. ஒவ்வொரு துறையும் தன் அறையின் சாவியைத் தன்னிடமே வைத்திருந்தது. பக்கத்துத் துறைக்கு இடம் இல்லாமல் மரத்தடியில் வகுப்பு நடக்கும்போதும் கதவு திறக்காது. நூறு பேர் அமரும் அறைகளையாவது பொதுவில் வைத்து, பொதுக் கால அட்டவணை ஒன்றிலிருந்து ஒதுக்கலாம் என்ற முன்மொழிவுக்குக் கிடைத்த எதிர்ப்பு, வேறு எதற்கும் கிடைக்கவில்லை. அறை என்பது துறையின் மரியாதை என்று ஒரு மூத்த பேராசிரியர் சொன்னார். அவர் துறையை வளர்த்த பாடு எனக்குத் தெரியும். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். இருந்தாலும் அந்த மரியாதைக்கு விலையாக ஒரு மைதானத்தைக் கொடுக்க முடியாது என்று கூட்டத்திலேயே சொன்னேன். முடிவில் பெரிய அறைகள் பொதுவாயின. தேர்வுப் பிரிவுக்குத் தனிக் கட்டடம் வேண்டாம், பிற்பகலில் காலியாகும் ஒரு தொகுதியின் மேல்தளம் போதும் என்றானது. மூன்றில் ஒன்று கட்டாமலேயே தீர்ந்தது.

ஆய்வகத் தொகுதிக்கு உயரம் விடை தந்தது. நாலாயிரம் சதுர மீட்டர் தளப்பரப்பை ஒரே தளமாகக் கட்டினால் நாலாயிரம் சதுர மீட்டர் மண் போகும். தரைத்தளத்தோடு மேலே மூன்று தளங்கள் என்றால் ஆயிரம்தான். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் உயரம் வரை உயரமல்லாத கட்டடம் என்ற பிரிவில்தான் வரும். நான்கு தளங்கள் அதற்குள் தாராளமாக அடங்கும். லிஃப்ட் செலவைக் காட்டித்தான் இத்தனை காலம் தரையோடு தரையாகக் கட்டிவந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வந்த பிறகு, மேல்தளத்துக்கு எல்லோரும் ஏற வழி செய்வது கடமை. அந்தச் செலவை முதலிலேயே மதிப்பீட்டில் சேர்த்துவிட வேண்டும். பழைய கட்டடங்களின் மேல் தளம் எழுப்பலாமே என்று நீங்களும் யோசிப்பீர்கள். அஸ்திவார வரைபடம் கையில் இல்லாமல் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். எங்களிடம் பாதிக் கட்டடங்களுக்கு வரைபடம் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பழைய பட்டறைகளை அகற்றிவிட்டு, அந்த இடத்திலேயே ஆய்வகத்தை எழுப்ப முடிவானது.

விடுதி விஷயத்தில் மாணவிகள் எங்கள் எண்ணத்தையே மாற்றினார்கள். மைதானத்தைக் காப்பாற்றும் வேகத்தில் விடுதியை வடக்கு எல்லையில் புதர்க்காட்டின் ஓரமாக வைத்து ஒரு வரைவு தயாராகியிருந்தது. அதைப் பார்த்த மாணவிகள் நேராகக் கேட்டார்கள்: "நூலகம் இரவு எட்டு மணிக்கு மூடுகிறது. அங்கிருந்து அந்தக் காட்டோரம் வரை நாங்கள் எப்படி நடந்து வருவது?" விளக்குக் கம்பம் வைக்கலாம், காவலர் போடலாம் என்றெல்லாம் பதில் வந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத வழியில் விளக்கு மட்டும் பாதுகாப்புத் தராது என்பது பெண்ணாக எனக்கும் தெரியும். மைதானத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு பட்டையை விடுதிக்கு விட்டுக்கொடுத்தோம். அதன் முகப்பு மைதானத்தைப் பார்த்து அமைகிறது. மாலையில் விளையாடுகிறவர்களும் நூலகத்துக்குப் போகிறவர்களும் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பார்கள். திறந்தவெளியில் ஓர் அங்குலத்தையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அடம்பிடித்த நண்பர்களுக்கு இதில் வருத்தம்தான். எனக்கு வருத்தமில்லை.

புதர்க்காட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல உறுப்பினர்களுக்கு அது வெறும் முள்காடு. சீமைக் கருவேலம் நிறைய ஏறியிருந்தது உண்மை. ஆனால் உள்ளே காரை, சூரை, உசிலை என்ற நம் மண்ணின் மரஞ்செடிகள் இருந்தன, கீரியும் கௌதாரியும் இருந்தன. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபோது, வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அந்த வளாகத்தின் பசுமையை வளர்ப்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டதையும், இன்று அங்கே காடு நிற்பதையும் குழுவில் எடுத்துச் சொன்னேன். கிண்டிக் காட்டிலிருந்து பிரித்து 1959-இல் தொடங்கிய சென்னை ஐஐடியில் இன்றும் புள்ளிமான்களும் வெளிமான்களும் திரிகின்றன. ஒருவர் கவனித்துக்கொண்டே இருந்தால்தான் வளாகக் காடு நிலைக்கும். எங்கள் திட்டத்தில் அதற்குத் தாவரவியல் துறையைப் பொறுப்பாக்கி, சீமைக் கருவேலத்தை மட்டும் படிப்படியாக அகற்றச் சிறு தொகை ஒதுக்கினோம். பிற இடங்களில் வெட்டவேண்டிய மரங்களுக்கு ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை. எண்ணிக்கை, இனம், சுற்றளவு மூன்றையும் கொண்ட பட்டியலைத் தயாராக வைத்திருங்கள், வேலை தடைப்படாது.

இவ்வளவும் வரைந்த பின் கடைசிக் கவலை ஒன்று இருந்தது. அடுத்த துணைவேந்தர் வந்ததும் யாராவது கையை நீட்டி இடத்தைக் காட்டினால்? இதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உதாரணம் உதவியது. கலிஃபோர்னியாவில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 2000-ஆம் ஆண்டில் கட்டட அனுமதி வழங்கிய சாண்டா கிளாரா மாவட்ட நிர்வாகம், அடிவாரக் குன்றுகளைக் காக்க வளர்ச்சி எல்லைக் கோடு ஒன்றைப் போட்டது. கல்விக் கட்டடங்கள் கோட்டுக்கு உள்ளேதான் வர வேண்டும். 25 ஆண்டுகளுக்குள் கோட்டை நகர்த்த வேண்டுமானால் மாவட்ட மேற்பார்வைக் குழுவில் ஐந்தில் நான்கு பங்கு வாக்கு வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். அங்கே கோட்டைப் போட்டது வெளியிலிருந்த நிர்வாகம். எங்களுக்கு அப்படி யாரும் இல்லாததால், சிண்டிகேட்டே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் தீர்மானம் ஒன்றை எழுதினோம். ஓடை, இரண்டு ஊருணிகள், மைதானம், புதர்க்காடு ஆகியவற்றின் எல்லைகள் சர்வே எண்களோடு அதில் இருக்கின்றன. மாற்ற வேண்டுமானால் வரைபடத்துடன் முன்கூட்டியே கூட்டப் பொருளாகச் சுற்றுக்கு விட்டு, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஒப்ப வேண்டும். கூட்டத்தில் திடீரென்று எழுப்பும் பொருளாக எடுக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னவர், அறையைத் துறையின் மரியாதை என்று சொன்ன அதே மூத்த பேராசிரியர்.

ஆய்வகத்துக்கு ஒப்பந்தப்புள்ளி முடிந்து வேலை நடக்கிறது. வாகன நிறுத்தம் இன்னும் தீரவில்லை. மைதானத்தின் ஓரத்தைக் கார்கள் தின்னத் தொடங்கியிருப்பதால், உட்சாலையை வகுப்பு நேரத்தில் மூடும் முன்மொழிவு துறைகளின் கருத்துக்குப் போயிருக்கிறது. கிழக்கு மதிற்சுவரின் அடியில் இருக்கும் குழாய்களை எடுத்துவிட்டு, ஓடையின் அகலத்துக்குச் சிறுபாலம் கட்டும் மதிப்பீடு அடுத்த நிதிக் குழுவுக்கு வருகிறது. ஏரிப் பாசனக்காரர்களிடமிருந்து கடிதம் ஒன்று வாங்கி அதோடு இணைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வார இறுதியில் ஊருக்குள் போய் அவர்களைப் பார்க்கப்போகிறேன்.