சேலையோடு ஜாக்கெட்டும் கொடுங்கள்

மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு. அதற்கு முன்னால், ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ, எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பிரிவு உபசார விழா வைப்பார்கள். யூனிஃபார்மிலேயே போய்வந்த பிள்ளைகள் அன்று ஒருநாள் சேலை கட்டி வரலாம். நான் ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அந்த மாதம் அளவு கொடுக்க வராத பிள்ளை யார் என்றுதான் என் மனசு தேடும்.

வராத வீடுகளின் நிலைமை இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அப்பா இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு யாழ்ப்பாணத்துச் சிறையில் இருப்பார். ஆள் திரும்பியிருந்தாலும் படகு திரும்பியிருக்காது. அம்மா பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவராக இருப்பார். ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகுக்கு 61 நாள் தடைக்காலம், அதற்கும் சேர்த்து இப்போதே காசைப் பிடித்து வைக்க வேண்டும். இதில் ஒருநாள் கூத்துக்குச் சேலை எங்கே? வயிற்றுவலி என்று சொல்லி விழாவுக்கே போகாமல் இருந்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. அது எனக்குத் தாங்காது.

அமெரிக்காவிலும் இந்த வருத்தம் இருக்கிறது. அங்கே பள்ளி முடிகிற பிள்ளைகளுக்கு ப்ராம் என்று நடன விருந்து நடக்கும், அதற்கான கவுன் விலை அதிகம். ஃப்ளோரிடாவில் ரெபெக்கா கிர்ட்மன் என்ற மாணவி 2003இல் 250க்கும் மேற்பட்ட உடைகளைச் சேர்த்து, வாங்க முடியாத பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அதே வருஷம் கார் விபத்தில் இறந்துபோனார், பதினாறு வயது. பெக்காஸ் க்ளோசெட் என்று அவர் பெயரிலேயே அந்த வேலை தொடர்கிறது. படித்ததிலிருந்து அந்தப் பிள்ளை என் நினைவை விட்டுப் போகவில்லை.

நாங்களும் சில பெண்கள் சேர்ந்து சேலை வாங்கிவைத்துக் கொடுக்கிறோம். சேலை தாராளமாகவே வருகிறது. சிக்கல் ஜாக்கெட்டில்தான். ஐந்தரை மீட்டர் சேலை யாருக்கும் சுற்றும், ஜாக்கெட் ஒருவருக்குத்தான் பொருந்தும். நல்ல பட்டைக் கட்டிக்கொண்டு தோளில் வழுகுகிற ஜாக்கெட்டை நாள் முழுக்க இழுத்துவிட்டபடி நிற்கிற பிள்ளையைப் பார்த்தவர்களே, ‘இரவல் சேலை’ என்று சொல்லிவிடுவார்கள். லைனிங் வைத்துத் தைக்கிற கூலிக்குச் சாதாரணச் சேலையே ஒன்று வாங்கிவிடலாம்.

அதனால் கொடுக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, சேலையில் ஜாக்கெட் துணி வெட்டாமல் இருக்கிறதா என்றுதான். இருந்தால் அந்தப் பிள்ளை அளவுக்கே தைத்துவிடுவேன். தைத்த ஜாக்கெட்டாக இருந்தால் பக்கத் தையலில் உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று பார்ப்பேன். ஒன்றரை அங்குலம் இருந்தால் போதும், பிரித்துவிடலாம். ஒன்றுமே இல்லாவிட்டால் கறுப்பு, மெரூன், தங்க நிறத்தில் ஸ்ட்ரெட்ச் ஜாக்கெட் இருக்கிறது, முக்கால்வாசிச் சேலைக்கு அதில் ஒன்று ஒத்துப்போகும். முழுக்கை கேட்கிற பிள்ளைகளுக்கு முழுக்கை. உள்பாவாடையும் கூடவே வேண்டும், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கல்யாணப் பட்டை எடுத்து நீட்டுகிறவர்களின் மனசு பெரிசு. ஆனால் பதினேழு வயசுப் பிள்ளைக்கு அந்தக் கனம் தாங்காது. அவர்கள் கை போவது சாஃப்ட் சில்க்குக்கும், பரமக்குடி, எமனேஸ்வரம் தறிச் சேலைக்கும். அவர்களே எடுக்கட்டும். ‘உனக்கு இதுதான்’ என்று நான் யார் கையிலும் திணிப்பதில்லை. கடையை அடைத்த பிறகு உள் அறையில் கொடி கட்டித் தொங்கவிடுவேன். தோழிகளோடு வருவார்கள், கண்ணாடி முன்னால் நேரம் போவதே தெரியாது.

அப்புறம் ஒன்று. இந்தத் தீவில் ஒரு சேலையை ஊரே அடையாளம் கண்டுகொள்ளும். ‘இது எங்க சித்தி சேலைல்ல?’ என்று ஒரு குரல் வந்தால் போதும், அந்தப் பிள்ளையின் நாள் அதோடு முடிந்தது. ஆகையால் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வருவதை முதுகுளத்தூர் பக்கம் அனுப்புகிறோம். பரமக்குடியில் சேர்வது இங்கே வரும். யார் எதை எடுத்தார்கள் என்று நோட்டில் எழுதுவதில்லை. கொடுத்தவர்கள் போட்டோ கேட்டாலும் அனுப்ப மாட்டேன். நல்லவர்களே சிலர் இதில் என்னோடு கோபித்துக்கொண்டார்கள். அந்தக் கோபம் இருந்துவிட்டுப் போகட்டும்.

பொங்கலுக்கு பீரோவைச் சுத்தம் பண்ணும்போதே எடுத்து வைத்துவிடுங்கள், தைக்க எனக்கு நாள் கிடைக்கும். பிளாஸ்டிக் கவரில் போடாமல் பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள், இந்த உப்புக்காற்றில் சரிகை சீக்கிரம் கறுத்துவிடும். மடிப்பில் இழை விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முந்தியில் குத்திய ஊக்கு இருந்தால் மறக்காமல் கழற்றிவிடுங்கள், துருக்கறை பட்டில் ஏறினால் என்ன செய்தாலும் போகாது.