பாதம் தொங்கிப்போனபோது நடந்த பரிசோதனை

உரும்பிராய்த் தோட்டத்தில் வெங்காயம் கிண்டி முடித்த மறுநாள் காலை, என் இடது பாதம் மேலே நிமிர மறுத்தது. நோ எதுவும் இல்லை. நடக்கும்போது பாதம் சப்பென்று தரையில் அடித்தது, செருப்பு தானாகக் கழன்றது. மாமி பார்த்தவுடன் பாரிசவாதம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கொழும்பிலிருந்து மச்சான் போன் எடுத்து, "உடனே எம்.ஆர்.ஐ. எடு" என்றான்.

அன்றே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். முகம், பேச்சு, கை எல்லாம் பார்த்துவிட்டு, பக்கவாதம் போலத் தெரியவில்லை என்று நரம்பியல் கிளினிக்குக்குத் திகதி தந்தார்கள். அங்கே காத்திருந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், விடுவோம்.

உள்ளே இருந்தவர் இளம் பெண் டொக்டர். மேசையில் நீளப் பிடி வைத்த ஒரு சுத்தியல், ஒரு இசைக்கவை, பஞ்சு, ஊசி. இவ்வளவுதானா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். முதலில் நடக்கச் சொன்னார். குதிக்காலில் நடக்கச் சொன்னபோது இடது கால் ஒத்துழைக்கவில்லை. நுனிவிரலில் நடப்பது சுகமாக வந்தது. "அண்ணை, கடைசியாக என்ன வேலை செய்தீங்கள்?" என்று கேட்டார். வெங்காயக் கதையைச் சொன்னேன். நாள் முழுக்கக் குந்தியிருந்தீர்களா என்று திரும்பவும் கேட்டு எழுதிக்கொண்டார்.

கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு இருக்கச் சொல்லி, முழங்கால் சிரட்டைக்குக் கீழே தட்டினார். வலது கால் துள்ளியது. இடது கால் சும்மா இருந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. "பயப்படாதேங்கோ, நீங்கள் காலை இறுக்கிப் பிடிக்கிறீங்கள். ரெண்டு கைவிரலையும் கொக்கி மாதிரிக் கோத்து இழுங்கோ" என்றார். இழுத்தேன், அந்த நொடியில் தட்டினார், கால் துள்ளியது. கவனம் கைக்குப் போனால் கால் தளர்ந்து உண்மையைச் சொல்லிவிடுமாம். முழங்காலில் தட்டுவது முள்ளந்தண்டின் இடுப்புப் பகுதியிலிருந்து புறப்படும் 3ஆம், 4ஆம் நரம்பு வேர்களையும், குதிக்காலின் பின்பக்கத் தசைநாணில் தட்டுவது அதற்குக் கீழே திருவெலும்புப் பகுதியின் முதல் வேரையும் சோதிக்கிறது. எனக்கு இரண்டும் சரி.

பிறகு உள்ளங்காலின் வெளி ஓரமாக, குதியிலிருந்து விரல் பக்கம் கீறினார். பெருவிரல் கீழே மடங்கியது. பெரியவர்களுக்கு அது மேலே எழும்பினால் பழுது மூளையிலோ முள்ளந்தண்டு வடத்திலோ இருக்கலாம். 1896இல் ஜோசப் பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்த அறிகுறி அது. மாமியின் தீர்ப்பு அந்த இடத்தில் தள்ளுபடி.

மிச்சம் இருந்தது ஒரு கேள்வி: பழுது முதுகிலா, காலிலா? இதைத்தான் நான் மிகவும் ரசித்தேன். இடுப்பின் 5ஆம் நரம்பு வேர் நசிந்தாலும் பாதம் இப்படியே தொங்கும். ஆனால் அப்போது பாதத்தை உட்பக்கம் திருப்பும் பலமும் குறையும், ஏனென்றால் அந்தத் தசைக்கு அதே வேரிலிருந்து வேறொரு நரம்பு வழியாகக் கட்டளை போகிறது. என் பாதத்தைத் தன் கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, உட்பக்கம் தள்ளச் சொன்னார். நல்ல பலம். பாதத்தை மேலே தூக்குவதற்கு மட்டும் 5க்கு 2 போட்டார். ஊசியால் குத்தியபோது, பாதத்தின் மேற்புறமும் கெண்டைக்காலின் வெளிப்புறமும் மந்தம், உள்ளங்கால் சுகம்.

கடைசியாக முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே துருத்தும் எலும்புக்குப் பக்கத்தில் விரலால் தட்டினார். பாதம் வரை கரண்ட் ஓடியது. "இதுதான் இடம்" என்றார். பாதத்தை மேலே தூக்க வைக்கும் நரம்பு அங்கே தோலுக்கு மிக அருகில் எலும்பைச் சுற்றிப் போகிறது. நீண்ட நேரம் குந்தியிருந்தால் நசிந்துவிடும்.

முதுகுக்கு ஸ்கான் கேட்கவில்லை. நரம்பு வழியே மின்துடிப்பு எப்படிப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை ஒன்று செய்தார்கள், அதுவும் அதே இடத்தைக் காட்டியது. மருந்து பெரிதாக இல்லை: பாதத்தைத் தாங்க ஒரு பட்டை, பிசியோதெரபி, குந்தவும் கூடாது, காலுக்கு மேல் கால் போடவும் கூடாது. சில மாதங்களில் பாதம் முழுதாக நிமிர்ந்தது. மச்சானுக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

இப்படிப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் முழங்காலுக்கு மேலே மடிக்கக்கூடிய உடுப்போடு போங்கள். நான் இறுக்கமான ஜீன்ஸோடு போய், திரைக்குப் பின்னால் கொஞ்சம் பாடுபட்டேன்.