ஒரே ஃபைபர் லைனில் கடைக்கு ஒரு ஐபி, மாடிக்கு ஒரு ஐபி

கீழே அண்ணனுடைய ஜெராக்ஸ் கடை, மாடியில் எங்கள் வீடும் நான் வேலை பார்க்கும் அறையும், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபைபர் கனெக்‌ஷன். ஈரோட்டில் கடையும் வீடும் ஒட்டி இருக்கிற பல இடங்களில் இதுதான் வழக்கம். ஸ்பீடு போதும், வாடகையும் பாதிப் பாதி. கூகுள் மட்டும் அடிக்கடி சந்தேகப்பட்டு, டிராஃபிக் சிக்னல் இருக்கிற படங்களைத் தேர்ந்தெடு என்று கேட்கும். பொறுத்துக்கொள்வோம்.

புதிதாக வந்த கிளையன்ட்தான் இதைக் கிளப்பிவிட்டது. அவர்களுடைய சர்வருக்குள் போக வேண்டுமானால் என் ஐபியை, அதாவது இணையத்தில் என் லைனுக்கு இருக்கிற முகவரி எண்ணை, முன்கூட்டியே கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும், அது மாறக் கூடாது, அந்த ஐபியில் வேறு யாரும் இருக்கவும் கூடாது. மூன்றாவது நிபந்தனைதான் சிக்கல். அண்ணன் கடைக்கு வருகிறவர்கள் ஆதார், மார்க் ஷீட் என்று எதையாவது பிரிண்ட் எடுக்க அனுப்புவதற்காகக் கடை வைஃபையில் சேர்ந்துகொள்வார்கள். யார் போனில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இதைச் சொன்னதும் நண்பர் ஒருவர், "ரௌட்டரிலேயே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி ஐபி போட்டுக்கலாமே" என்றார். நிறைய பேருக்கு இருக்கிற குழப்பம் இது. 192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள் மட்டும்தான் செல்லும். ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் அது ஏற்கெனவே தனித்தனியாகத்தான் இருக்கிறது. வெளியே இருக்கிற சர்வருக்குத் தெரிவதோ எல்லோருக்கும் பொதுவான ஒரே எண். எங்கள் விஷயத்தில் அந்தப் பொது எண்ணும் எங்களுடையதில்லை. ரௌட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்தால் வான் (WAN) ஐபி, அதாவது ரௌட்டரின் வெளிப்பக்க முகவரி, என்ற இடத்தில் 100 என்று தொடங்கும் ஓர் எண், ஐபி காட்டும் இணையதளத்தில் பார்த்தால் வேறோர் எண். 100.64-இலிருந்து 100.127 வரை உங்கள் ரௌட்டரிலும் இருந்தால், நெட் கம்பெனி உங்களையும் இன்னும் பல வீடுகளையும் ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். சிஜிநாட் என்பார்கள். ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிதான், உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோனது, அதனால் கம்பெனிகள் இப்படிப் பங்குபோட்டு ஓட்டுகின்றன. கூகுளின் சந்தேகத்துக்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம், எவரோ செய்கிற சேட்டைக்கு நாம் படம் பொறுக்குகிறோம்.

புது முறையான ஐபிவி6 இருந்தால் ஒவ்வொரு கருவிக்கும் வெளியுலக முகவரியே தனியாகக் கிடைத்துவிடும். ஆனால் கிளையன்ட்டின் ஃபயர்வால் ஐபிவி4 மட்டும்தான் ஏற்கும். கிளவுடில் மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்து, அதில் வயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்துக்குள் ஒரு தனிப் பாதை) மென்பொருளைப் போட்டு அதன் வழியே வெளியே போவது இன்னொரு வழி. உங்களிடம் கேட்கிறவர்கள் சம்மதித்தால் அதையே செய்யுங்கள், நெட் கம்பெனியிடம் கெஞ்சவே வேண்டாம். எங்கள் கிளையன்ட்டோ, இப்படிக் கிளவுட் சர்வர்கள் இருக்கிற டேட்டா சென்டரின் ஐபி கூடாது என்றுவிட்டார்கள்.

அப்புறம் கஸ்டமர் கேர். ஸ்டேடிக் ஐபி, அதாவது மாறாத ஐபி, உண்டு, வருடக் கட்டணம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இதுவரை சரி. ஆனால் இருக்கிற கணக்கிலேயே அதைப் போட்டால் கடையும் அந்த ஐபியில்தான் வரும், நான் கேட்டதற்கே அர்த்தமில்லாமல் போகும். "ஒரே லைனில் ரெண்டு ஐபி தருவீங்களா" என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில், ஒருவர் ரௌட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார். கடைசியில் வழி சொன்னது எங்கள் ஏரியாவுக்கு லைன் இழுக்கிற பையன். "அண்ணே, புதுசா ஃபைபர் எல்லாம் எதுக்கு, ரெண்டாவது யூசர் நேம் ஒண்ணு வாங்குங்க, அதே பாக்ஸ்ல ரெண்டாவது போர்ட்ட பிரிட்ஜ் பண்ணித் தரேன்" என்றான். பிரிட்ஜ் என்றால், ஃபைபர் வந்து முடியும் பாக்ஸ் தானே லாகின் ஆகாமல், லைனை அப்படியே என் ரௌட்டருக்குக் கடத்திவிடுவது. எல்லாக் கம்பெனியும் இதற்கு ஒத்துக்கொள்ளாது, ஒரு பாக்ஸுக்கு ஒரு லாகின்தான் என்று பூட்டி வைத்திருப்பார்கள், அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். என் பெயரில் கேஒய்சி, எதற்கு ஸ்டேடிக் ஐபி என்று ஒரு கடிதம், மிகக் குறைந்த பிளான் ஒன்று, அதன்மேல் ஐபி கட்டணம்.

அவன் வந்து செய்த வேலை பார்க்க அழகாக இருந்தது. ஓஎன்டி என்கிற அந்த ஃபைபர் பாக்ஸின் செட்டிங் பக்கத்தைத் திறந்து, ஏற்கெனவே இருந்த பிபிபிஓஇ (யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்து லாகின் ஆகும் முறை) கனெக்‌ஷனைத் தொடாமல், பிரிட்ஜ் என்று இரண்டாவதாக ஒரு வான் சேர்த்தான், அவர்கள் ஆபீஸில் கேட்டு விலான் எண்ணை (ஒரே லைனில் போகும் டேட்டாவைப் பிரித்துக் காட்டும் எண்) போட்டான், போர்ட் பைண்டிங்கில் இரண்டாம் லான் போர்ட்டை மட்டும் டிக் செய்தான். அதிலிருந்து மாடிக்குக் கேபிள், மாடியில் என் ரௌட்டர், புது யூசர் நேமும் பாஸ்வேர்டும் அதில். உடனே கனெக்ட் ஆகவில்லை. ஆபீஸில் அந்த யூசர் நேமுக்கு என் ரௌட்டரின் மேக் அட்ரஸை (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) பதிய வேண்டியிருந்தது, பதிந்ததும் ஏறிவிட்டது. கடை வைஃபையில் ஒரு போன், மாடி வைஃபையில் ஒரு போன், இரண்டிலும் ஐபி பார்த்தோம். வேறு வேறு எண். மாடி ரௌட்டரின் வான் ஐபியும் வெளியே தெரிவதும் ஒன்றேதான், சிஜிநாட் தொல்லை போயிற்று.

கிளையன்ட்டின் விபிஎன் கனெக்ட் ஆனது, ஆனால் பெரிய ஃபைல் அனுப்பினால் பாதியில் நின்றுவிடும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் பிபிபிஓஇ தலைப்புக்கு 8 பைட் போய்விடுவதால், எம்டியு (ஒரு தடவையில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு) 1500 இல்லை, 1492. விபிஎன் அதற்குள் இன்னும் கொஞ்சம் தின்னும். விபிஎன் செட்டிங்கில் 1400 என்று இறக்கியதும் சரியானது.

யாரும் எதிர்பார்க்காத தொல்லை இனிமேல்தான். அண்ணன் இரவு கடையைச் சாத்தும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார், எத்தனையோ வருடப் பழக்கம். பாக்ஸ் கடைக்குள், எனக்கு வேலை இரவில். முன்பெல்லாம் அந்த நேரத்துக்கு மொபைல் டேட்டாவில் ஓட்டிவிடுவேன், இப்போது அந்த ஐபி இல்லாமல் உள்ளேயே போக முடியாது. "கரண்ட் பில்லை நீ கட்டுறியா" என்று அண்ணன் கேட்டது நியாயம்தான். பாக்ஸை மாடிப்படிக்கு அடியில் நகர்த்தி, என் மீட்டரிலிருந்து லைன் எடுத்து, ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போட்டாயிற்று. மின்வெட்டிலும் இப்போது நெட் அணையாமல் ஓடுகிறது, கடைக்கும் அது லாபம்.

இரண்டு நெட்வொர்க்கும் பிரிந்துவிட்டதால் கடை பிரிண்டர் மாடியிலிருந்து தெரிவதில்லை. எங்கள் வீட்டுப் பையனுடைய ஸ்கூல் ப்ராஜெக்ட்டை இப்போது அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். கலர் பிரிண்ட் என்றால் காசு கேட்கிறார்.