அடியில் எழும்புற பெட்டி

போன காலபோகத்தில், அதுதான் மாரி நெற்செய்கையில், வயலில் கபிலநிறத் தத்திப் பூச்சி விழுந்தது. முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவிப் பக்கம் வயல். வரம்பில் நின்றபடியே என்ன மருந்து, எவ்வளவு தண்ணிக்கு என்று போனில் தேடினேன். பக்கம் திறந்த கையோடு அடியிலிருந்து ஒரு பெட்டி எழும்பி வாசிக்க விடாமல் மறைத்தது. என்ர பெயர், படம், மின்னஞ்சல், கீழே 'தொடர்க' என்று நீலத்தில் ஒரு பட்டை. மூடுகிற புள்ளடியோ எள்ளளவு. சேற்று விரல் நீலத்திலேயே பட்டுது. பின்னேரமே அந்தத் தளத்தின் விளம்பரக் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன.

அதுவரை, புள்ளடியை அழுத்தினால் தொல்லை விட்டது என்றுதான் இருந்தேன். 'வன் டாப்' என்ற அந்தப் பெட்டியைச் செய்து கொடுப்பது கூகுள், தன்ர பக்கத்தில் பொருத்துவது தளக்காரன். ஒரு தளத்தில் மூடினது மற்றத் தளத்துக்குத் தெரியாது. தொடர்ந்தால் பெயர், மின்னஞ்சல், படம் மூன்றும் அவனுக்குப் போகும். கடவுச்சொல் போகாது, அந்தமட்டில் தப்பினேன்.

கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், கணக்கோடு தொடுத்த வெளிச் செயலிகளின் பட்டியல் இருக்கிறது. அந்தத் தளத்தை அதிலிருந்து நீக்கினேன். சைன்-இன் பெட்டி காட்டுவதை நிறுத்தும் சுவிட்சும் அங்கேயே இருந்தது. மகளின் லப்டொப்பில் குரோமின் தள அமைப்புகளுக்குள் 'தேர்ட் பார்ட்டி சைன்-இன்' என்பதைத் தடுத்துவிட்டோம்.

போனிலும் பெட்டியைத் தடுக்கவேணும். ஆனால் அதில் குரோம் நீட்சிகளை, அதாவது உலாவியில் ஏற்றுகிற சிறு துணைச் செயலிகளை, ஏற்காது. அதால பயர்பாக்ஸ் போட்டு, அதில் யூபிளாக் ஒரிஜின் என்ற விளம்பரம் தடுக்கிற நீட்சியை ஏற்றினேன். சொந்த வடிகட்டி எழுதும் இடத்தில், பெட்டி வருகிற முகவரியைத் தடுக்க ஒரு வரி போடவேணும். வவுனியாவிலிருந்து அண்ணன்ர மகன் கோலில் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"நெட்டுக்கோடு ரெண்டு போடுங்கோ சித்தப்பா. பிறகு அக்கவுண்ட்ஸ் டொட் கூகுள் டொட் கொம். சரிவுக்கோடு, ஜீ எஸ் ஐ, திரும்பச் சரிவுக்கோடு."

நெட்டுக்கோடு விசைப்பலகையில் எங்கே ஒளிச்சிருக்கு என்று தேடவே பத்து நிமிசம்.

பெட்டி போச்சுது. அடுத்த கிழமை மகள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, வகுப்புத் தளத்தில கூகுளால உள்ளே போற பட்டனையே காணேல்ல!" அதுவும் அதே முகவரியில் இருந்துதான் வருகுதாம். யூபிளாக்கின் நீலப் பவர் குறியை அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்தேன். அங்கே மட்டும் இப்பவும் பெட்டி வருகுது. மூடுவது அவளின்ர வேலை.